வலைக்குப் பின்னால் போன மூட்டைகள்

ராக்கப்பன் மாரடைப்பில் இறந்த ஐந்தாவது மாதம், அவன் மனைவி இருளம்மாளின் தம்பி பால்பாண்டி தானாகவே சாத்தூர் பத்திர ஆபீசுக்கு வந்து, பிறந்த வீட்டுச் சொத்தான ரோட்டோரத்து மூன்று ஏக்கரில் தனக்கிருந்த பாகத்தை அக்காவுக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. எழுத்தர் ஒருமுறை வாசித்துக் காட்டுகிறேன் என்றதற்குக்கூட, எங்க அக்காவுக்குத்தான போகுது, என்னத்த வாசிக்க என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டான். அச்சங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு வந்தால், பிறந்தால் பால்பாண்டி மாதிரிப் பிறக்க வேண்டும் என்று பஞ்சாயத்தில் சொல்லுவார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் இருளம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

கரிசல் காடு. மழை பெய்தால் மக்காச்சோளம், கூடுதலாகப் பெய்தால் பருத்தி, பொய்த்துப்போனால் வேலிமுள். மகள் பாண்டிலட்சுமியைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்த பிறகு இருளம்மாள் ஒற்றை ஆளாக அந்தக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாதம் பால்பாண்டிதான் வந்து சொன்னான், சிவகாசியில் பட்டாசும் காலண்டர் பிரஸ்சும் வைத்திருக்கிற காசிராஜன் மகன் ஸ்ரீராம்குமார் கண்ணாடி பிரிக்கிற கம்பெனி போட இடம் தேடுகிறார், ரோட்டோரமாக இருந்தால் நல்லது என்கிறார் என்று. இரண்டு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டாள். மேற்கே ஒரு ஏக்கரை மட்டும் தனக்கென்று வைத்துக்கொண்டாள். தகரச் செட்டு போட்டதும் பால்பாண்டி அங்கே சூப்பர்வைசர் ஆனான். இருளம்மாளுக்கும் வேலை கிடைத்தது.

அந்த வேலை என்னவென்று ஊரில் பலருக்கு வெகுநாள் புரியவில்லை. பழைய பாட்டிலை உடைத்து உருக்கிப் புதுப் பாட்டில் செய்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இப்போது சென்னையில் ஒரு பாட்டில் கம்பெனி புது மாதிரிக் கண்ணாடியில் மருந்து பாட்டிலும் ஜூஸ் பாட்டிலும் செய்கிறது. பார்வைக்குப் பழைய கண்ணாடி போலவே இருக்கும். ஆனால் கலவை வேறு. குறைந்த சூட்டிலேயே உருகிவிடும், உலைக்கு எரிக்கிற எரிபொருள் மிச்சம், காற்றில் கலக்கிற கரிப்புகையும் பாதிக்கு மேல் குறைவு. ஒரே ஒரு தொல்லை, பழையதும் புதியதும் ஒரே உலையில் சேராது. ஒரு கூடை மாறி விழுந்தால் போதும், அன்றைக்கு அந்த உலையில் எடுக்கிற பாட்டில் எல்லாம் முடிச்சு முடிச்சாக நின்று கீறல் விட்டுவிடும். பாட்டிலின் அடியில் இலை மாதிரி ஒரு முத்திரை இருக்கும்தான். உடைந்துபோனால் அதை எங்கே தேடுவது?

அதற்காகத்தான் அந்தக் கம்பெனிக்காரர்கள் புதுக் கண்ணாடிக்குள் என்னவோ ஒன்றைத் துளி சேர்த்திருந்தார்கள். ஊதா விளக்கடியில் காட்டினால் அது மங்கலான பச்சையாக ஒளிரும், பழசு இருட்டாகவே கிடக்கும். செட்டுக்குள் கறுப்புத் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கி, நடுவில் பெல்ட் ஓடவிட்டு, மேலே விளக்கு வைத்திருந்தார்கள். முதலில் ஒரு மெஷின் காற்றை ஊதிப் பிரித்துத் தள்ளும். லேபிள் ஒட்டியதும் சேறு அப்பியதும் மெஷினுக்குத் தப்பி வரும். அவற்றைப் பெண்கள் பன்னிரண்டு பேர் கையால் பொறுக்க வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் திரி கிள்ளிப் பழகிய கைகள், கொஞ்ச நாளிலேயே பழகிவிட்டன.

அந்தப் பன்னிரண்டு பேரில் இருளம்மாள் கெட்டிக்காரி. கம்பெனியைத் திறந்து வைக்க சென்னையிலிருந்து வந்த பிரீத்திகா என்கிற பாட்டில் கம்பெனி அதிகாரி, புகை குறைந்தால் மழை தவறாமல் பெய்வதற்கு அதுவும் ஒரு உதவிதான் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கரிசல்காட்டுக்காரிக்கு அது போதாதா? ஒளிர்கிற துண்டு ஒன்றுகூடத் தன் கைக்குத் தப்பிப் போகக்கூடாது என்று இருளம்மாள் கண்ணெடுக்காமல் நிற்பாள். ஒவ்வொருத்தியும் தான் பிரித்த மூட்டைக்குள் ஓர் அடையாளம் போட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. ஸ்ரீராம்குமாரின் பிரஸ்சில் கழிந்த தினசரி காலண்டர் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்திருந்தார்கள். அன்றைய தேதித் தாளின் பின்னால் பேரை எழுதி, பாலிதீன் உறையில் போட்டு, மூட்டைக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். பழைய கண்ணாடி மூட்டைகள் வாரா வாரம் லாரி ஏறின. புதுக் கண்ணாடி மூட்டைகள் செட்டுக்குப் பின்னால் பச்சை வலை கட்டிய இடத்துக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை வடக்கேயிருந்து லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று பால்பாண்டி சொல்லியிருந்தான். திங்கட்கிழமை வந்து பார்த்தால் இடம் காலியாக இருக்கும்.

போன புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் அவள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது பால்பாண்டி ஒரு தாளோடு வந்தான். குத்தகையைப் புதுப்பிக்கிற தாள், இங்கன ஒரு கையெழுத்துப் போடுக்கா என்றான். இருளம்மாள் எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆளும் இல்லை, சரளமாகவே வாசிப்பாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, அவன் விரல் வைத்த இடத்தில் பேரெழுதிக் கொடுத்தாள். அவன் கொண்டுவந்ததை நிறுத்தி வைத்து வாசிப்பது அவனைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றக்கூட இல்லை. வாசிக்க வேண்டும் என்பதே தோன்றவில்லை.

சித்திரையில் இரண்டு நாள் நல்ல கோடை மழை. போன பருவம் மழை பொய்த்ததில் விதைக்காமல், மாதக் கணக்காய் எட்டிப் பார்க்காமல் கிடந்த மேற்கு ஏக்கரை, மண் பதம் காய்ந்துபோவதற்குள் உழுது போட்டுவிடலாம் என்று டிராக்டர் சங்கிலிமுத்துவை வரச் சொன்னாள். அன்றைக்கு ஞாயிறு, கம்பெனி கிடையாது. நாலாவது சால் ஓட்டும்போது வண்டி நின்றது. சங்கிலிமுத்து கீழே இறங்கி டயரைப் பார்த்தான், பிறகு கொழுவைப் பார்த்தான். என்னவென்று கேட்டுக்கொண்டே போனவளுக்குக் கீழே காட்டினான்.

வரப்பிலிருந்து இரண்டு ஆள் நீளம் உள்ளே, அவள் காட்டுக்குள், கொழு கிழித்த சாக்கு ஒன்று வாய் பிளந்து கிடந்தது. கறுப்பு மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டுகள் வெளியே வழிந்திருந்தன. பச்சை வலை மழையில் சரிந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், மூட்டை அடுக்குகிற இடம் என்று அவள் நினைத்திருந்த தரை, நீளமாகக் குழிந்து உட்கார்ந்துபோயிருந்தது.

அவள் குனிந்து சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். பாலிதீன் உறைக்குள் தேதித் தாள் நனையாமல் இருந்தது. மார்கழி ஒன்பது. திருப்பினால் பின்னால் நீல மையில் அவள் பெயர், அவள் எழுத்து. 'ரு'வின் சுழியைப் பெரிதாகப் போடுகிற அதே எழுத்து. பக்கத்தில் இன்னொரு மூட்டையைக் கையாலேயே தோண்டி எடுத்தாள். அதில் அழகுமீனாவின் பெயர். அடுத்ததில் மறுபடி அவள் பெயர்.

சங்கிலிமுத்து, கை கிழிஞ்சுரும் யக்கா, எந்திரிங்க என்றான். ஏற்கெனவே கிழிந்திருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

நேராக அழகுமீனா வீட்டுக்குத்தான் போனாள். செட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறவர்கள், மதினி முறை. தாளை நீட்டியதும் அழகுமீனா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அதிசயப்படாமல் நின்றாள். அதுதான் இருளம்மாளை முதலில் உலுக்கியது. அழகுமீனா மெதுவாகச் சொன்னாள்:

"ஞாயித்துக்கிழம ஜேசிபி வந்து தோண்டுறது ஊருக்கே தெரியும் மதினி. ஒங்க காடு, ஒங்க தம்பி. ஒங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னுல்ல நெனச்சோம்."

கேட்டிருக்கலாமே என்று இருளம்மாள் கேட்டாள். கேட்டால் ஏதோ ஆதாயத்துக்குப் பங்கு கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லையாம். இத்தனை மாதமாக எட்டூர்ப் பெண்கள் தன்னைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்தபோது இருளம்மாளுக்குக் காது மடல் சுட்டது. மழைக்காக என்று சொல்லிக்கொண்டு விளக்கடியில் கண்ணெரிய நின்றவள், அதே கண்ணாடியைத் தன் காட்டில் புதைக்க விட்டுவிட்டு நடிக்கிறாள் என்றுதானே நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலையில் கம்பெனி வாசலில் பால்பாண்டி பைக்கை நிறுத்துகிறபோதே போய் நின்றாள். தாளைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், சுற்றுமுற்றும் பார்த்தான், அவளைச் செட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"எம்புட்டு நாளா நடக்குதுலே இது?" என்று கேட்டாள்.

"எட்டு மாசம் இருக்கும்க்கா." அவன் மறைக்கவில்லை. வடக்கே புதுக் கண்ணாடி உருக்குகிற உலையை ஏதோ கோளாறு என்று நிறுத்திவிட்டார்களாம். வேறு உலை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதாம். லாரி வைத்து அனுப்பினால் கட்டாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். எங்கேயாவது வைத்துத்தானே ஆகவேண்டும் என்றான்.

"அப்ப நாங்க எதுக்குலே பிரிச்சோம்?"

"பிரிச்சு எடை போட்டுக் காட்டினாத்தான் பாட்டில் கம்பெனிக்காரன் சான்று குடுப்பான். சான்று இருந்தாத்தான் பழைய கண்ணாடி ஆர்டரும் நம்மகிட்ட வரும். ஒனக்கு இதெல்லாம் வெளங்காதுக்கா." சொல்லிவிட்டு அவனே சமாதானமும் சொன்னான். "கண்ணாடி என்ன விஷமா? மண்ணுல இருந்து வந்துச்சு, மண்ணுக்குள்ள போயிருக்கு."

ஊரில் தரிசாகக் கிடக்கிற நிலம் எத்தனை இருக்கிறது, ஏன் என் காட்டில் என்று அவள் கேட்டாள். வெளியார் நிலத்தில் புதைத்தால் பேச்சு வெளியே போய்விடும், நம்ம நிலம் என்றால் கேட்க ஆளில்லை என்று அவன் சொன்னான்.

"நம்ம நெலமா?"

பால்பாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் வேப்பமரத்துப் பட்டையை நகத்தால் கீறினான். "நான் விட்டுக் குடுத்ததுதான அது. நான் அன்னைக்குக் கையெழுத்துப் போடலன்னா பாதி எனக்குத்தான. அதுல ஒரு குழி தோண்டக்கூட எனக்கு உரிமை இல்லையா?"

அவள் திரும்பி வந்து செட்டுக்குள் தன் இடத்தில் நின்றாள். பெல்ட் ஓடியது. பச்சைத் துண்டுகள் வந்துகொண்டிருந்தன. கை அது பாட்டுக்குப் பொறுக்கியது. பத்து வருஷமாக ஊர் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஒன்று, கொடுத்தவன் மனசில் கொடுத்ததாகவே இல்லை. இரவல் விட்டது மாதிரி இருந்திருக்கிறது. அது தெரியாமல் அவள் விளைந்த வருஷமெல்லாம் பொங்கலுக்கு முதல் அறுவடையில் ஒரு மூட்டை அவன் வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். அவன் அதையும் தன் நிலத்துக்கு வரவேண்டிய விளைச்சல் பங்காகத்தான் எடுத்துக்கொண்டானோ என்னவோ.

அந்த வாரமே சிவகாசிக்குப் போய் ஸ்ரீராம்குமாரைப் பார்த்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், எழுந்து நின்று, வாங்கம்மா, உக்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போடுகிற ஆள். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து அவள் பக்கம் திருப்பி வைத்தார். புரட்டாசித் தாள். மேற்குப் பகுதியில் கம்பெனியின் உபரிப் பொருட்களைக் குழி வெட்டிப் புதைத்து வைக்க நில உரிமையாளர் முழுச் சம்மதம் தருகிறார் என்று இருந்தது. குத்தகை என்ற வார்த்தையே அதில் இல்லை. அடியில் அவள் கையெழுத்து. சாட்சி, பால்பாண்டி.

"நாங்க கேட்டுத்தான் செஞ்சோம்மா. நீங்க சரின்னு சொன்னீகன்னும், ஊருக்குள்ள வெளிய தெரிய வேண்டாம்னு மட்டும் கேட்டுக்கிட்டீகன்னும் ஒங்க தம்பிதான் வந்து சொன்னார்."

வேண்டுமானால் அந்த நிலத்தைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல். தன் கை எதிலும் படாமல் எல்லாம் அடுத்தவர் கையெழுத்திலேயே நடந்திருக்கும்படி பார்த்துக்கொண்ட மனிதர் என்பது இருளம்மாளுக்கு விளங்கியது. ஆனாலும் அவர்மேல் அவளுக்குக் கோபம் நிற்கவில்லை. அவர் யாரோ. வியாபாரி, லாபத்தைப் பார்த்தார். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் சொன்னதாக ஒரு பொய்யைக் கட்டியவன், அவள் தட்டில் சோறு தின்று வளர்ந்தவன்.

பஸ்சில் திரும்பி வரும்போது மகளுக்குப் போன் போட்டுச் சொன்னாள். பாண்டிலட்சுமி, விட்டுவிடும்மா, மாமா உறவு அறுந்துபோனால் உனக்கென்று பிறந்த வீட்டுப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்றாள். அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இருளம்மாள் விட்டுவிடத்தான் பார்த்தாள். பதினைந்து நாள் வாயைத் திறக்காமல் வேலைக்குப் போய் வந்தாள்.

வைகாசியில் பிரீத்திகா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற சோதனைக்கு வந்தாள். செட்டுக்குள் வந்து பெல்ட்டைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், எடைச் சீட்டுகளைப் புரட்டினாள். கூட வந்தவர்களிடம் இருளம்மாளைக் காட்டி, நான் பார்த்த நாலு ஊர் செட்டுகளில் இவங்க கைக்கு ஈடு இல்லை என்று சொன்னாள். பால்பாண்டி பக்கத்தில் நின்று சிரித்தான், எங்க அக்காதான் என்றான்.

அந்த வார்த்தையை அவன் சொல்லாமல் இருந்திருந்தால் இருளம்மாள் அன்றைக்கும் பேசாமலே இருந்திருப்பாள். அவள் கையுறையைக் கழற்றி பெல்ட்டின் ஓரத்தில் வைத்தாள்.

"நாங்க பிரிச்ச கண்ணாடி எங்க இருக்குன்னு பாக்கணுமாம்மா?" என்று பிரீத்திகாவிடம் கேட்டாள்.

வலையைத் தாண்டிப் போய்க் காட்டினாள். அதிகம் பேசவில்லை. சங்கிலிமுத்துவின் கொழு கிழித்த இடம் அப்படியே கிடந்தது. பிரீத்திகா குதிகால் புதையப் புதைய நடந்து வந்து, மண்ணிலிருந்து நாலைந்து தேதித் தாள்களைத் தானே பொறுக்கி எடுத்தாள். ஐப்பசி இருபது, கார்த்திகை மூன்று, தை பதினேழு. தன் கையிலிருந்த எடைச் சீட்டில் அந்தத் தேதிகளைத் தேடிப் பார்த்தாள். எல்லாத் தேதிக்கும் நேராக, உருக்கு உலைக்கு அனுப்பப்பட்டது என்று எழுதியிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புதன்கிழமை சாயங்காலம், வெயில் இறங்குகிற நேரத்தில், பால்பாண்டி வீட்டுக்கு வந்தான். கையில் அவளுக்குப் பிடிக்குமே என்று சாத்தூர் காராச்சேவு வாங்கி வந்திருந்தான். வந்தவன் நாற்காலியில் உட்காராமல் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

முதலாளி எல்லாவற்றையும் தன்மேல் தள்ளுகிறார் என்றான். நில உரிமையாளருக்குத் தெரிந்துதான் நடந்தது என்று ஆகிவிட்டால், அனுமதி வாங்கிச் செய்ததாகப் போய்விடும், கம்பெனிக்கு ஒரு அபராதத்தோடு முடிந்துவிடும். தெரியாமல் நடந்தது என்றால், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான் என்று தன் தலையில் விடியும். வேலை போவதோடு நிற்காது, போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம்.

"தெரியும்னு ஒத்த வார்த்த சொல்லிரு அக்கா. அம்புட்டுத்தான்."

அவள் சொல்லிவிட்டால் அந்தக் குழி அவள் சம்மதித்துத் தோண்டிய குழியாகிவிடும். கண்ணாடியை அள்ளிக்கொண்டு போ என்று அப்புறம் யாரிடமும் கேட்க முடியாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. தப்பு செஞ்சுட்டேன்க்கா என்று அவன் சொல்லுவான் என்று அவள் கடைசிவரை காத்திருந்தாள். அவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரு அக்கா என்று சொல்லிப் போனான்.

மறுநாள் விசாரணைக்குப் போகிற வழியெல்லாம் அவள் பொய் சொல்வது என்றுதான் நினைத்துக்கொண்டு போனாள். கண்ணாடி கிடந்தால் கிடக்கட்டும், ஒரு ஏக்கர் போனால் போகட்டும், அவன் பிள்ளைகள் தெருவில் நிற்கக்கூடாது என்று மனசைத் திடப்படுத்தியிருந்தாள். கம்பெனி அலுவலக அறையில் பிரீத்திகாவும் ஜெயச்சந்திரன் என்கிற பாட்டில் கம்பெனி வக்கீலும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஸ்ரீராம்குமார். கதவருகே பால்பாண்டி நின்றான். வக்கீல் புரட்டாசித் தாளைக் காட்டி, கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றாள். இதில் எழுதியிருப்பதை உங்கள் தம்பி உங்களுக்கு வாசித்துக் காட்டினாரா என்று கேட்டார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பால்பாண்டி பேசிவிட்டான்.

"ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன் சார். எங்க அக்கா யோசிச்சுத்தான் போட்டுச்சு. கூலிக்கு மேல கம்பெனி இன்னும் ஏதாச்சும் பாத்துச் செய்யுமான்னு கேட்டுச்சு."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். கண்ணை இமைக்கவில்லை. அவள் தலையாட்டுவாள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவன் பொய் சொன்னாலும் பரவாயில்லை, அவளைப் பற்றி இப்படி ஒரு பொய். ஆசைப்பட்டுத் தன் காட்டையே குப்பைக்குழிக்கு விட்டவளாக, அவள் முகத்துக்கு நேரே அவளைச் செய்து காட்டுகிறான். அதை அவன் எத்தனை இடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பான்?

"எனக்கு வாசிக்கத் தெரியும் சார்," என்றாள் இருளம்மாள். "எனக்கு யாரும் வாசிச்சுக் காட்ட வேண்டியதில்ல. குத்தகைத் தாள்னு சொல்லித் தம்பி கொண்டாந்தான். அவன் கொண்டாந்ததுனால வாசிக்காமப் போட்டேன். இதுல இப்பிடி இருக்குன்னு அவன் சொல்லல. நான் எதுவும் கேக்கவும் இல்ல."

ஸ்ரீராம்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பால்பாண்டி கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவன் வேலை அன்றே போனது. போலீசுக்கு யாரும் போகவில்லை. ஸ்ரீராம்குமார் அதை விரும்பவில்லை, பாட்டில் கம்பெனியும் பேர் கெட்டுப்போகும் என்று விரும்பவில்லை. புதைத்த கண்ணாடி முழுவதையும் தோண்டி எடுத்துத் தூரத்து உலைக்கு அனுப்ப வேண்டும், நிலத்தைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்று ஸ்ரீராம்குமாரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதற்குச் சம்மதித்ததால் கம்பெனி பூட்டப்படவில்லை. அது பூட்டப்பட்டிருந்தால் பன்னிரண்டு வீட்டு அடுப்பும் அணைந்திருக்கும் என்று பெண்கள் இருளம்மாளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள். பால்பாண்டியின் மனைவி தெருமுனையில் நின்று, கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்த கை விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றினாள். இருளம்மாள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்டிக்கொடுத்தது தான்தானோ என்றுகூட அந்த நாட்களில் அவளுக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

ஆனியில் தோண்டத் தொடங்கினார்கள். இருபத்திரண்டு நாள் தோண்டினார்கள். ஜேசிபியின் பல் பட்டுச் சாக்குகள் கிழிந்து, உள்ளே இருந்தது மண்ணோடும் மேலே போட்டிருந்த பழைய கண்ணாடிக் கழிவோடும் கலந்துபோயிருந்தது. அப்படியே உலைக்கு அனுப்ப முடியாது. கழுவி, காயவைத்து, மறுபடி விளக்கடியில் போட்டுப் பிரித்தாக வேண்டும். அந்த வேலைக்கும் அதே பெண்களைத்தான் கூப்பிட்டார்கள். இருளம்மாளும் போனாள். தான் ஒரு தடவை பிரித்துத் தைத்த கண்ணாடியை, தன் காட்டு மண்ணைக் கழுவிவிட்டு, இரண்டாம் தடவை பிரித்தாள். பக்கத்தில் நின்ற அழகுமீனா ஒருநாள், இந்தத் துண்டு நம்மள விட்டுப் போகமாட்டேங்குது மதினி என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. இருளம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனாலும் அவள் பேசியது ஆறுதலாக இருந்தது.

இந்தத் தடவை லாரி பகலில் வந்தது, பெண்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள். ஏற்றிய மூட்டைகளை உலை வாசலில் இறக்குகிற படத்தைப் பிரீத்திகா அழகுமீனாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள். இருளம்மாள் அதை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். மூட்டைதான், சந்தேகமில்லை. ஆனாலும் நம்புவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முன்னெல்லாம் அப்படி இல்லை.

காடு முழுசாகச் சுத்தமாகவில்லை. குழியை மூடக் கண்மாய் வண்டல் நாற்பது லோடு அடிப்பதாக எழுதியிருந்தார்கள், பதினோரு லோடுதான் வந்தது. கேட்டால் வரும் என்கிறார்கள். கரிசல் மண் வெயிலில் வெடித்து மழையில் பொங்குகிற மண், உள்ளே கிடப்பதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஏக்கரில் செருப்பில்லாமல் இறங்க முடிவதில்லை. இந்த வருஷம் அவள் அதில் ஒன்றும் விதைக்கவில்லை.

பால்பாண்டி நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றுகிற இடத்தில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டாள். பைக்கை விற்றுவிட்டானாம். புரட்டாசிக் கடைசியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருக்கிற நேரம், ஒரு காலையில் சாத்தூர் ரோட்டு நிறுத்தத்தில் அவள் பஸ்சுக்கு நின்றபோது அவனும் வந்து நின்றான். இருவரையும் தவிர அங்கே யாருமில்லை. அவன் இளைத்திருந்தான். சட்டைக் காலரில் மருந்துப் பொடியின் சாம்பல் நிறம் படிந்திருந்தது. அவன் முதலில் ரோட்டைப் பார்த்தான், பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டான்.

பிறந்ததிலிருந்து அவளை நீ என்று அழைத்தவன். அக்கா என்ற சொல்லும் அதில் இல்லை. ஊரான் வீட்டுப் பெரிய மனுசியைக் கேட்பது போலக் கேட்டான்.

"ஆச்சு," என்றாள் இருளம்மாள்.

பஸ் வந்தது. அவன் முன்வாசலில் ஏறினான். அவள் பின்வாசலில் ஏறி, ஜன்னலோர இடம் காலியாக இருந்தும் உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.